நாட்டுத் துப்பாக்கி: விவசாயிக்குச் சட்டம் தருவது என்ன, தடுப்பது என்ன?

காட்டை ஒட்டிய நிலத்தில் நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் போடும் விவசாயிக்கு அறுவடை முடியும் வரை தூக்கம் கிடையாது. ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், மூன்று மாத உழைப்பு காலையில் உழுது போட்டதுபோலக் கிடக்கும். அந்த ஆத்திரத்தில் பலருக்கும் இரண்டு யோசனைகள் வருகின்றன. பரணில் கிடக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் துடைத்து எடுத்தால் என்ன? வெளிநாட்டில் வீட்டுப் பட்டறையிலேயே செய்வதைக் கைப்பேசியில் பார்க்கிறோமே, உள்ளூர்க் கொல்லரிடம் ஒன்று செய்யச் சொன்னால் என்ன?

இரண்டுமே சிறையில் கொண்டு போய் நிறுத்தக்கூடியவை. அதே சமயம், பயிர்க் காவலுக்கு முறையாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. எது அனுமதி, எது குற்றம் என்று தெரியாததால்தான் பல குடும்பங்கள் வழக்கில் சிக்குகின்றன.

எது நாட்டுத் துப்பாக்கி?

குழலின் வாய் வழியாகவே கருமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கி இது. பின்புறம் 'கேப்பு' வைத்து, குதிரையை இழுத்துவிட்டால் தீப்பொறி மருந்துக்குப் பாயும். பழைய உரிமப் புத்தகங்களில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருப்பது இந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத்தான். நரிக்குறவர் மக்கள் வேட்டைக்கு வைத்திருந்ததும் இதே வகைதான்.

ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் ஓடிவிடும். மழையில் மருந்து நமத்துப்போனால் வெடிக்காது. நம் துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் குண்டு தூரம் போகப்போகக் குறி விலகும். உள்ளே திருகுவரிப் பள்ளம் வெட்டியிருந்தால் அது ரைபிள். இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

கைப்பேசியில் பார்ப்பது எந்த ஊர்க் கதை?

பெரும்பாலும் அமெரிக்கா. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீளக்குழல் ரைபிள்களை, இன்றும் பலர் ஓய்வுநேரக் கலையாகச் செய்கிறார்கள். மேப்பிள் மரக்கட்டையை மாதக்கணக்கில் செதுக்குவார்கள். ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். குழலைத் திட்டமிட்டுத் துருப்பிடிக்க வைத்து, பழுப்பு நிறம் வந்ததும் நிறுத்துவார்கள். அந்த நாட்டின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இத்தகைய பழைய பாணித் துப்பாக்கிகளை மற்றத் துப்பாக்கிகளோடு சேர்க்காமல் விலக்கி வைத்திருக்கிறது. அதனால் அங்கே அது தச்சு வேலை போன்ற ஒரு பொழுதுபோக்கு.

அங்கேயும் பெரும்பாலோர் குழலை வீட்டில் செய்வதில்லை. அதற்கென்றே உள்ள தொழிற்கூடங்களில் வாங்குகிறார்கள். மருந்து வெடிக்கும்போது முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டியது குழல்தான். அதனால்தான் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813-லேயே துப்பாக்கிக் குழல்களுக்கென்று சோதனைச் சாலை அமைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். கிடைத்த இரும்புக் குழாயை வைத்துச் செய்த துப்பாக்கிக்கு இந்தச் சோதனை ஏதும் கிடையாது. அது பிளந்தால் முதலில் போவது சுடுபவரின் விரலும் கண்ணும்.

நம் நாட்டுச் சட்டம்

ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. பாளையக்காரர்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1801-லேயே தென்னாட்டில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்து அறிக்கை விட்டது. 1878-ல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

இதன் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல. விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது எல்லாமே குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 'உடைந்த குதிரையைப் பற்றவைத்துக் கொடு' என்று கேட்பவரும், நட்புக்காகச் செய்து கொடுக்கும் கொல்லரும் சேர்ந்தே மாட்டுவார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியானாலும், உரிமம் உள்ள வியாபாரியிடம்தான் பழுது பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. குடகு மலையில் கொடவர்களுக்கும் 'ஜம்மா' நிலம் வைத்திருப்போருக்கும் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய விலக்கு, 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழ்நாட்டு மலை விவசாயி தனக்கும் பொருந்தும் என்று எண்ணக்கூடாது.

பயிர்க் காவலுக்கு உரிமம்

விவசாயிகள் அறிய வேண்டிய முக்கியப் பிரிவு 13. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் கேட்டால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்று இந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்புக்குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ரைபிள் இதில் வராது.

மாவட்டங்களில் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் அறிக்கை கட்டாயம். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களோடு, முன்பு பயிர்ச் சேதத்துக்காக வனத்துறையில் கொடுத்த மனுக்களையும் இணைத்தால் தேவை உண்மையானது என்பது புரியும். துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் உரிமம் கிடைத்துவிடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மேல்முறையீடு செய்யலாம். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் இருந்தால் சுடலாமா?

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம், அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும் மட்டுமே உண்டு. மயிலும் யானையும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் மீது குறி வைப்பதையே நினைக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறையினரே செய்வார்கள். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்கள் உத்தரவிட்டு, உரிமம் உள்ளவர்கள் சுடும் முறை இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே சுட்டால் வழக்குதான்.

இருட்டில் அசைவதைப் பார்த்துச் சுட்டு, பன்றிக்குப் பதில் பக்கத்து வயல்காரர் விழுந்த சம்பவங்களும் உண்டு. துப்பாக்கியை வரப்பில் கட்டிவைத்து, தடுக்கும்போது தானே வெடிக்க விடுவது இன்னும் கொடியது. இலங்கையில் இந்தக் கட்டுத் துப்பாக்கிகளால் யானைகளும் சிறுத்தைகளும் மட்டுமல்ல, விறகுக்குப் போன மனிதர்களும் கால் இழந்திருக்கிறார்கள். நம் பக்கம் அவுட்டுக்காய் செய்யும் நாசமும் அதே ரகம்.

பயிர் பிழைக்க என்ன வழி?

உரிமம் வாங்கி, பயிற்சி பெற்று, இரவெல்லாம் விழித்திருந்தாலும் இந்தத் துப்பாக்கியால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வெடிச்சத்தம்தான். அதைவிடப் பயனுள்ளவை சில உண்டு. மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாகச் சில வரிசை ஆமணக்கு, நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பா ஆகியவற்றை ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஒரே பகுதியில் உள்ளவர்கள் சேர்ந்து சூரியசக்தி மின்வேலி போட்டால் செலவு குறையும். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் பற்றி விசாரிக்கலாம். காட்டோர நிலங்களில் மின்வேலிக்கு 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறை அனுமதி தேவை. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது கொலைக்குச் சமம்.

சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும். இழப்பீட்டுக்கும், அந்தப் பகுதியில் பன்றியைச் சுட வனத்துறை முடிவெடுப்பதற்கும், பின்னாளில் உரிமம் கேட்பதற்கும் அந்த மனுதான் ஆதாரம்.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: சென்னை பட்டினப்பாக்கத்தில் குடியிருக்கிறோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் குடும்ப நிலம் உண்டு. அப்பா இறந்தபின் அவருடைய பயிர்க்காவல் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?*

பதில்: அப்பாவின் உரிமம் பிள்ளைகளுக்குச் செல்லாது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள் (பிரிவு 21). துப்பாக்கியோடு கிளம்பும் முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசு என்ற முறையில் புதிய உரிமம் கேட்கலாம். சென்னை மாநகரில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர்.

*கேள்வி: துருப்பிடித்து, குழல் அடைத்துப்போன துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டுமா?*

பதில்: பழுது பார்த்தாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்குப் பிரிவு 45 விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த நிலையை நீங்களே முடிவு செய்யாதீர்கள். காவல் நிலையத்தில் காட்டி எழுத்தில் பெறுங்கள்.

*கேள்வி: பிள்ளைகளுக்குப் பழங்காலத் துப்பாக்கிகளைக் காட்ட வேண்டும். எங்கே பார்க்கலாம்?*

பதில்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் பார்க்கலாம். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களும் அங்கே உள்ளன.