எந்தப் புள்ளி எதோடு சேரும்? மதர்போர்டுக்கு வழிகாட்டும் போர்டுவியூ

லேப்டாப் மதர்போர்டைக் கையில் எடுத்துப் புரட்டினால் தெரிவது மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான். இரண்டுக்கும் நடுவே எட்டு, பத்து அடுக்குகளில் செம்புப் பாதைகள் ஓடுகின்றன. ஓர் அடுக்கில் கிளம்பும் பாதை ‘வயா’ எனப்படும் நுண்துளை வழியே வேறோர் அடுக்குக்கு இறங்கி, போர்டின் மறுகோடியில் ஏதோ ஒரு ஐசிக்கு அடியில் போய் முடியும். பிஜிஏ வகை ஐசி என்றால் அதன் கால்களும் சால்டர் உருண்டைகளாக அடியில் மறைந்திருக்கும். மல்ட்டிமீட்டரின் புரோபை எங்கே வைப்பது?

இதற்குப் பதில் சொல்லும் மென்பொருள்களைப் பொதுவாக ‘போர்டுவியூ’ என்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் ‘சிப் லெவல்’ சர்வீஸ் செய்கிறவர்களின் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் திரை இதுதான். ஓப்பன்போர்டுவியூ இலவசம், திறந்த மூல மென்பொருள். ஃப்ளெக்ஸ்பிவி காசு கொடுத்து வாங்குவது. செல்போன் வேலைக்கு இசட்எக்ஸ்டபிள்யூ போன்ற சீனத் தயாரிப்புகள் உண்டு.

திரையில் போர்டின் உருவமும், ஒவ்வொரு உதிரிபாகமும், அதன் ஒவ்வொரு காலும் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால், மின்சார ரீதியில் அதோடு ஒன்றாக இணைந்த எல்லாப் புள்ளிகளும் ஒளிரும். இந்தக் கூட்டத்துக்கு ‘நெட்’ என்று பெயர். ஓப்பன்போர்டுவியூவில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போர்டு கவிழ்ந்து மறுபக்கம் தெரியும். அவ்வளவு எளிமை.

ஸ்கீமேட்டிக் வரைபடம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எது எதோடு, ஏன் சேர்கிறது என்பதை ஸ்கீமேட்டிக் சொல்லும். அந்தக் கெப்பாசிட்டர் போர்டில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. போர்டுவியூ இடத்தைக் காட்டும்; காரணம் சொல்லாது. அதனால்தான் வேலை தெரிந்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்கிறார்கள். ஃப்ளெக்ஸ்பிவியில் ஒரு பாகத்திலிருந்து நேரே பிடிஎஃப் ஸ்கீமேட்டிக்கில் அது இருக்கும் பக்கத்துக்குத் தாவவும் முடியும்.

ஒரு கேஸைப் பார்ப்போம். 820-00165 என்ற எண்ணுள்ள மேக்புக் ஏர் போர்டு, உயிரே இல்லாமல் வருகிறது. இதில் ‘பிபிபஸ் ஜி3எச்’ என்ற நெட்தான் வீட்டு மெயின் லைன் மாதிரி. மற்ற சப்ளைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிரியும். ஏறத்தாழ 8.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, மீட்டரை டயோடு மோடில் போட்டு, சிவப்பு புரோபைக் கிரவுண்டிலும் கறுப்பை அந்த லைனிலும் வைத்தால் 0.000. ஷார்ட்.

போர்டுவியூவில் அந்த லைனைக் கிளிக் செய்தால் போர்டு முழுக்கப் புள்ளிகள் ஒளிர்கின்றன. அவற்றில் பல, ஒரு முனை இந்த லைனிலும் மறுமுனை கிரவுண்டிலும் உள்ள கெப்பாசிட்டர்கள். குற்றவாளி இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பவர் சப்ளையிலிருந்து 1 வோல்ட் அளவில் அந்த லைனுக்குக் கொடுத்து, எது சூடாகிறது என்று தெர்மல் கேமராவில் பார்க்க வேண்டும். கேமரா இல்லாதவர்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மேலே தடவுவார்கள். முதலில் காயும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் ஒளிர்ந்த புள்ளிகளோடு அந்த இடம் பொருந்தினால் பாகத்தை எடுத்துவிட்டு மறுபடி அளக்கலாம்.

தண்ணீர் பட்ட போர்டில் கதை தலைகீழ். இரண்டு புள்ளிகள் ஒரே நெட் என்று திரை சொல்லும். மீட்டர் பீப் ஒலிக்காது. பச்சை பூத்து ட்ராக் அறுந்திருக்கிறது என்று பொருள், ஜம்பர் ஒயர் இழுக்க வேண்டியதுதான். இணைந்திருக்க வேண்டியது எது என்பதை மட்டுமே மென்பொருள் அறியும். புதியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிராசசருக்குப் போகும் கோர் சப்ளை லைன் நல்ல போர்டிலேயே மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் காட்டும். அதை ஷார்ட் என்று நினைத்துச் சூடேற்றினால் போர்டு போய்விடும். நல்ல போர்டில் வர வேண்டிய அளவுகளைத் திரட்டித்தரும் ஓப்பன்போர்டுடேட்டா போன்ற பொதுத் தொகுப்புகள் இதற்கு உதவுகின்றன.

போர்டுவியூவில் திறக்கும் போர்டு கோப்புகள் ரிப்பேர்காரர்களுக்காக உருவானவை அல்ல. தொழிற்சாலையில் தயாரான போர்டை வரிசையாக ஊசிகள் நட்ட மேடையில் அழுத்தி, ஒவ்வொரு நெட்டையும் இயந்திரம் சோதிக்கும். எந்த ஊசி எந்த நெட்டைத் தொடுகிறது என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லவே இத்தகைய கோப்புகள் எழுதப்பட்டன.

தொழிற்சாலைக் கோப்பு கடைக்கு எப்படி வந்தது? கசிந்துதான். ஃபோரங்களிலும் டெலிகிராம் குழுக்களிலும் கைமாறுகிறது, சில சமயம் வைரஸோடு சேர்ந்து. இவற்றை வெளியிடாததற்குத் தொழில் ரகசியம் என்று நிறுவனங்கள் காரணம் சொல்வது எனக்கு நம்பும்படி இல்லை. போட்டி நிறுவனம் நினைத்தால் ஒரு லேப்டாப்பை வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, அடுக்கடுக்காக உரித்துப் பார்த்துவிடும். கோப்பு கிடைக்காமல் தவிப்பது தெருமுனைக் கடைக்காரர்தான். ஆப்பிளே 1978-இல் ஆப்பிள் 2 கணினியின் கையேட்டில் முழுச் சர்க்யூட் படத்தையும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது.

கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் கசிந்த கோப்பைத் தேட வேண்டியதில்லை. ஜெர்மனியின் எம்என்டி ரிஃபார்ம் லேப்டாப்பின் போர்டு வடிவமைப்பு, கைகேட் கோப்புகளாக வெளிப்படையாகவே கிடைக்கிறது. கைகேட் 1992-இல் பிரான்ஸைச் சேர்ந்த ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய இலவச மென்பொருள். பின்னர் செர்ன் ஆய்வுக்கூடமும் அதற்குக் கைகொடுத்தது. கைகேடில் அந்தப் போர்டைத் திறந்து, ஏதாவது ஒரு பவர் லைனைத் தேர்ந்தெடுத்து ஒளிரவிட்டு, அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது இல்லாதிருந்த பாதை மூன்றாவது, நான்காவது அடுக்கில் பட்டையாக ஓடுவது தெரியும்.