அரைப் பேரும் பின்னக் கணக்கும்

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்குப் போகும்போது தாய்மார் நம்மிடம் சொல்லும் குறை இது: "பிள்ளைக்குக் கணக்கு மட்டும் ஏறவே மாட்டேங்குதுங்க." அதிலும் பின்னம் என்றால் ஒரே பயம்.

ஆனால் பின்னம் நம் வீட்டுக்குப் புதிதா? கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேர் போடுகிறார்களே, அது பின்னம்தான். கடையில் வாங்கும் கால் கிலோ பருப்பும் பின்னம்தான்.

1/2 உடன் 1/4ஐக் கூட்டச் சொன்னால், பல பிள்ளைகள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதிவிடும். ஒரு ரொட்டியை எடுத்துக் காட்டுங்கள். அரை ரொட்டி தின்றவன் இன்னும் கால் ரொட்டி தின்கிறான். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு. அரையை விடக் குறைவு. கூடத் தின்ற பிறகு தின்ற அளவு குறையுமா? அரையை இரண்டு காலாக வெட்டுங்கள். இப்போது துண்டுகள் ஒரே அளவு. மொத்தம் மூன்று கால், அதாவது 3/4. பகுதியெண்ணைச் சமப்படுத்து என்று வகுப்பில் சொல்வது இந்த வெட்டைத்தான்.

பெருக்கலும் அப்படியே. வாய்ப்பாட்டைப் பாடமாக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 7×8 மறந்துவிட்டால் பிள்ளை மிரண்டு நிற்க வேண்டியதில்லை. 7×4 = 28; அதன் இரண்டு மடங்கு 56.

இரண்டும் சேரும் இடம் சம்பளச் சீட்டு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஒருவருக்கு 18 பேரும் ஓர் அரைப் பேரும் விழுந்தால் எவ்வளவு? 20 பேருக்கு 27,000. கூடுதலாகப் போட்ட இரண்டு பேருக்கு 2,700ஐக் கழித்தால் 24,300. அரைப் பேர் 675. மொத்தம் 24,975 ரூபா. சேமலாப நிதி, சங்கச் சந்தா போன்ற பிடிப்பனவுகள் இதற்குப் பிறகுதான்.

மாதம் முழுக்க விழுந்த பேரை கலண்டரில் குறித்து வையுங்கள். சீட்டு வந்த அன்று அன்றைய நாட்சம்பளத்தை வைத்துப் பிள்ளையைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைத்தால் தலையில் குட்டாதீங்க. எந்த இடத்தில் தவறியது என்று கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கேட்கலாம்: "அரைப் பேருக்கு எவ்வளவு போட்டே?"