மகப்பேற்று விடுமுறையும் வருடாந்த விடுமுறையும்: தாய்மார் இழக்கக் கூடாத நாட்கள்

பிரித்தானியாவில் வேலை செய்யும் எமது பெண்களில் சிலர், குழந்தை பிறந்த வருடத்தில் தமக்குரிய வருடாந்த விடுமுறையைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். "ஒரு வருடம் வீட்டில்தானே இருந்தீர்கள், இனி என்ன ஹொலிடே?" என்று முகாமையாளர் கேட்டால் அது நியாயம் போலவே படுகிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகப்பேற்று விடுமுறை பிரசவத்துக்கும் உடல் தேறுவதற்கும் குழந்தையைப் பார்ப்பதற்கும் உரியது. வருடாந்த விடுமுறை ஓய்வுக்கு உரியது. ஒன்றை எடுத்ததால் மற்றது கழியாது. ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை 2004ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கூறிவிட்டது.

சுகாதாரப் பக்கத்தில் சட்டம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கடைசி மாதங்களில் கால் வீங்கி, இரவில் நித்திரை இல்லாமல் கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு கிழமை ஓய்வு பெரிய விடயம். பிரசவத்தின் பின் ஒரு வருடத்துக்குள் பத்தில் ஒரு தாய்க்கு மேல் மனச்சோர்வு ஏற்படுகிறது என்று இந்நாட்டுச் சுகாதார சேவை கூறுகிறது. ஊரிலே அம்மா, மாமி, அயலட்டை என்று நாலு பேர் கைகொடுக்கும் காலம் அது. இங்கே பலருக்கு அந்த உதவி இல்லை. கிடைக்கும் நாட்களைக் கணக்காகப் பாவிப்பதும் உடம்பைப் பார்ப்பதில் ஒரு பங்குதான்.

முதலில் கணக்கு. கிழமையில் 5 நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 28 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. அதாவது 5.6 கிழமை. வங்கி விடுமுறைகளையும் இதற்குள் சேர்த்துக் கணக்கிட முதலாளிக்கு அனுமதி உண்டு. மகப்பேற்று விடுமுறை 52 கிழமை வரை எடுக்கலாம். சட்டப்படியான மகப்பேற்றுக் கொடுப்பனவு 39 கிழமைக்கு மட்டுமே. முதல் 6 கிழமை சராசரிச் சம்பளத்தில் 90 வீதம். அடுத்த 33 கிழமை அரசாங்கம் நிர்ணயிக்கும் தொகை அல்லது அந்த 90 வீதம், இரண்டில் குறைந்தது எதுவோ அது. கடைசி 13 கிழமைக்கு ஒன்றும் இல்லை. வருடாந்த விடுமுறைக்கோ வழமையான முழுச் சம்பளம். இந்த வித்தியாசத்தில்தான் விடயம் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் 52 கிழமையும் வருடாந்த விடுமுறை சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் மகப்பேற்று விடுமுறையின் நடுவில் அதை எடுக்க முடியாது. முன்னே எடுக்கலாம், பின்னே எடுக்கலாம்.

ஓர் உதாரணம். விடுமுறை வருடம் ஜனவரியில் தொடங்கும் வேலைத்தளம். லண்டனில் வேலை செய்யும் ஒரு பெண் ஜூன் முதலாந் திகதி மகப்பேற்று விடுமுறையில் போகிறார். அதற்கு முன் 5 வங்கி விடுமுறைகளும் தன் விருப்பத்தில் 5 நாட்களும் எடுத்துவிட்டார். மிச்சம் 18 நாள். ஓகஸ்ட் மாத வங்கி விடுமுறையும் நத்தார் விடுமுறை இரண்டும் அவர் வீட்டில் இருக்கும்போது வருகின்றன. "அந்த மூன்று நாளும் போய்விட்டன, மிச்சம் 15தான்" என்று சொல்லும் வேலைத்தளங்கள் உண்டு. அது பிழை. அந்த மூன்றும் 18க்குள் அவருக்கே உரியவை. 39 கிழமை முடிந்து மார்ச் முதலாந் திகதி அவருடைய மகப்பேற்று விடுமுறை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 18 நாளும் புதிய வருடத்துக்கு வந்து சேரும். புது வருடத்தின் 28 நாளும் தனியாக இருக்கும்.

"எங்கள் கம்பனியில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடுவதில்லை" என்ற பதில் இங்கே செல்லாது. 2024 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில், மகப்பேற்று விடுமுறையால் எடுக்க முடியாமல் போன 5.6 கிழமை விடுமுறை முழுவதையும் அடுத்த விடுமுறை வருடத்துக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. சட்டம் தருவதிலும் கூடுதலாகக் கம்பனி தரும் நாட்களுக்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த 18 நாளை என்ன செய்வது? ஒரேயடியாக எடுத்தால் மூன்றரைக் கிழமை முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருக்கலாம். எமக்குப் பிடித்தது வேறொரு வழி. வேலைக்குத் திரும்பி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நாளாக எடுத்தால் 18 கிழமைக்குக் கிழமையில் நாலு நாள்தான் வேலை. தாய்ப்பால் கொடுப்பவருக்கும், நேசரிக்குப் புதிதாகப் போய் மாறி மாறித் தடிமன் பிடிக்கும் குழந்தைக்கும் இது பெரிய உதவி. முகாமையாளரும் சம்மதிக்க வேண்டும். பகுதி நேரத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், ஏற்கெனவே சேர்ந்த நாட்களை மாறுவதற்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது. பின்னர் கணக்கில் இழுபறி வரும்.

முதலாளிக்கும் உரிமைகள் உண்டு. நீங்கள் கேட்கும் திகதியை அவர் மறுக்கலாம். உரிமையை மறுக்க முடியாது. ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையென்றால், எடுக்கும் நாட்களின் இரு மடங்கு காலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்: இரண்டு கிழமை வேண்டுமானால் நாலு கிழமைக்கு முன். 52 கிழமைக்கு முன்னதாகத் திரும்புவதானால் 8 கிழமை முன்னறிவித்தல் தேவை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பதிலாகக் காசு தருகிறேன் என்றால், சட்டப்படியான நாட்களுக்கு அது வேலையை விட்டு விலகும்போது மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

பிரசவத்துக்கு முன்னர் கவனிக்க வேண்டியவை மூன்று. மருத்துவமாதுவிடம் போகும் நேரத்துக்கு வருடாந்த விடுமுறையைக் கழிக்கக் கூடாது. ஊழியர் எவருக்கும் அது சம்பளத்துடன் கிடைக்க வேண்டிய நேரம். அடுத்தது பலரும் அறியாதது. மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கான சராசரிச் சம்பளம், ஏறத்தாழ கர்ப்பத்தின் 18ஆம் கிழமை தொடக்கம் 25ஆம் கிழமை வரை கையில் கிடைத்த சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. அந்த இரண்டு மாதத்தில் களைப்பு என்று சம்பளமில்லாமல் நின்றால் பின்னர் கிடைக்கும் 90 வீதமும் குறையும். ஓய்வு தேவையென்றால் அந்த நேரத்தில் வருடாந்த விடுமுறையைப் பாவியுங்கள். மூன்றாவது, பிரசவம் எதிர்பார்க்கும் கிழமைக்கு முந்திய 4 கிழமைகளுக்குள் கர்ப்பம் தொடர்பான சுகவீனத்தால் வேலைக்கு வராமல் நின்றால், மறுநாளே மகப்பேற்று விடுமுறை தானாகத் தொடங்கிவிடும். குழந்தை முந்திப் பிறந்தாலும் அப்படியே. அதனால் எடுக்க முடியாமல் போன வருடாந்த விடுமுறை உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

மணித்தியாலம் நிலையில்லாமல் வேலை செய்பவர்களுக்கும் விடுமுறை சேரும். வேலை செய்யாத அந்த மாதங்களுக்கு, விடுமுறையில் போவதற்கு முந்திய 52 கிழமைகளின் சராசரி மணித்தியாலங்களை வைத்துக் கணக்கிடுவார்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. தகுதியுள்ளவர்களுக்குரிய இரண்டு கிழமை விடுமுறையை 2024 ஏப்ரல் முதல் தனித்தனிக் கிழமைகளாகப் பிரித்து, குழந்தையின் முதல் வருடத்துக்குள் எடுக்கலாம். தாய் வேலைக்குத் திரும்பும் கிழமைக்கு ஒன்றை வைத்தால் வீட்டில் பதற்றம் குறையும்.

எம்மவர் பலர் தெரிந்தவரின் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ வேலை செய்கிறார்கள். "அண்ணையிடம் எப்படிக் கேட்பது" என்ற கூச்சம் அங்கேதான் அதிகம். கடிதமாகக் கொடுப்பது முகத்துக்கு முன் கேட்பதை விட இலகு. அண்ணைக்கும் அது உதவி. அவர் செலுத்தும் சட்டப்படியான மகப்பேற்றுக் கொடுப்பனவில் பெரும் பங்கை, சிறிய வியாபாரமென்றால் முழுவதையுமே, அரசாங்கத்திடம் திரும்பப் பெறலாம் என்பது சிலருக்குத் தெரிவதில்லை. பேசியும் சரிவராவிட்டால் ஏகாஸ் நிறுவனத்தின் இலவச ஆலோசனை இலக்கம் 0300 123 1100. முறைப்பாடு செய்யக் கால எல்லை உண்டு, ஆகையால் தாமதிக்க வேண்டாம். அழைக்கும்போது சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், இந்த வருடம் எடுத்த விடுமுறை நாட்களின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும்.