கூரையின் மேல் ஒரு கூடாரம்

நெல் விளையும் நிலமும் மீன் விளையும் கடலும் அருகருகே அமைந்த பகுதி கல்முனைக் கரை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என ஊர்கள் கடலோரமாக நிரையாய் நிற்க, அவற்றின் மேற்கே சம்மாந்துறை வயல்வெளி விரிந்து கிடக்கின்றது. அவ்வயல்களையும் அவற்றுக்கு அப்பாலுள்ள சேனைகளையும் காவல் காத்தவர்கள் இரவில் நிலத்திற் படுக்கத் துணிந்ததில்லை. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி, மரக்கிளையிலேனும் நட்ட கால்களின் மேலேனும் பரண் கட்டி, அதன் மேல் கண்ணயர்ந்தனர். இதே கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டை நோக்கிச் சென்ற முஸ்லிம் வணிகர்களின் பொதிமாட்டுக் கூட்டம் தவளம் எனப்பட்டது. மாட்டின் முதுகில் இருபுறமும் எடை ஒத்திராவிட்டால் பொதி சரியும்; பொதி சரிந்தால் பயணம் நிற்கும். இது தவளம் ஓட்டிய ஒவ்வொருவனும் அறிந்த பாடம்.

உயரத்தில் உறங்குவதாகிய பரணின் பயனையும், பாரத்தை முதுகிற் சுமப்பதாகிய தவளத்தின் தொழிலையும் ஒருங்கே மேற்கொண்ட ஒரு பொருள் இன்று மோட்டார் வண்டியின் மேல் ஏறியிருக்கின்றது. அதுவே கூரைக் கூடாரம். ஜீப் வண்டியின் கூரை மீது ஓர் இரும்புச் சட்டமோ அலுமினியச் சட்டமோ பொருத்தப்படுகின்றது. கராஜ்களில் இதனை ‘ஹூட் றாக்’ என்பர். அச்சட்டத்தின் மேல் மடித்து வைக்கப்பட்ட கூடாரம், தங்குமிடத்தை அடைந்ததும் சில நிமிடங்களில் விரிக்கப்படுகின்றது. ஏணி வழியாக மேலேறி, அங்குள்ள மெத்தையில் இருவரோ மூவரோ படுத்துக்கொள்கின்றனர்.

இது முற்றிலும் புதியதன்று. இத்தாலியில் 1958 ஆம் ஆண்டிலேயே ‘ஏர் கேம்பிங்’ என்ற பெயரில் இத்தகைய கூடாரம் விற்பனைக்கு வந்தது. 1970களின் பிற்பகுதியில் கிழக்கு ஜெர்மனியின் மக்கள் தம் ‘திராபந்த்’ என்னும் சிறு காரின் மேலும் இதனை ஏற்றிச் சென்றனர். ஆபிரிக்கக் காட்டுப் பயணங்களிலும் ஆஸ்திரேலியப் பாலைவழிகளிலும் இது நன்கு பழகிய பொருளாயிற்று. கல்முனையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொத்துவிலுக்கும், அதற்கு அப்பால் அறுகம்குடா, பாணமை, உகந்தை ஆகிய இடங்களுக்கும் பயணம் செய்வோர் நடுவிலும், மேற்கே சேனாநாயக்க சமுத்திரத்தின் பக்கம் செல்வோர் நடுவிலும் இதன் மீது விருப்பம் எழுவது இயல்பே. ஈர நிலத்தையும் பாம்பையும் பூரானையும் எண்ணி அஞ்சாது உறங்கலாம் என்பது அவ்விருப்பத்திற்குக் காரணம்.

ஆயினும், இக்கூடாரத்தை வாங்கிப் பொருத்துவதற்கு முன்னர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நிற்கும் வண்டியின் கூரை வேறு; ஓடும் வண்டியின் கூரை வேறு. நிற்கும்போது மூன்று பேரைத் தாங்கும் அதே கூரை, ஓடும்போது அதில் ஒரு பங்கு எடையைத்தான் தாங்கவல்லது. இதனை உணராமையே பல விபத்துகளுக்கு வித்தாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். கூரைச் சட்டம் 30 கிலோகிராம், கூடாரம் 60 கிலோகிராம் எனக் கொள்வோம். ஓடும்போது கூரையின் மேலுள்ள எடை 90 கிலோகிராம். இரவில், 70 கிலோகிராம் எடையுள்ள இருவர் மேலேறிப் படுத்தால் அது 230 கிலோகிராம் ஆகின்றது. கேட்பவர்க்கு இரண்டாவது நிலையே ஆபத்தானதாகத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. நிற்கும் வண்டியில் அந்த 230 கிலோகிராமும் நேரே கீழ்நோக்கி, கதவுகளை அடுத்துள்ள தூண்களின் வழியாக அடிச்சட்டத்தில் இறங்கிவிடும். ஓடும் வண்டியிலோ, அந்த 90 கிலோகிராம் அமைதியாக இருப்பதில்லை. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில், மேல்நோக்கிய ஆர்முடுகல் புவியீர்ப்பின் அளவை எட்டினால், 90 கிலோகிராம் பாரம் 180 கிலோகிராம் போல அழுத்தும். அடுத்த கணமே அது துள்ளியெழ முயன்று, தன்னைப் பிணைத்திருக்கும் திருகாணிகளை மேலே இழுக்கும். வளைவில் புறநோக்கித் தள்ளும். தடை போடும்போது முன்னோக்கிப் பாயும். இவ்வாறு ஒரு நாளில் பல்லாயிரம் முறை.

ஆதலால் வண்டி செய்தோர் தம் கைந்நூலில் ஓடும்போதைய வரம்பைத் தனியே குறிப்பர். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த சுசுக்கி ஜிம்னி வண்டியின் கூரைக்கு அவ்வரம்பு 30 கிலோகிராம் மட்டுமே. சட்டம் ஒன்றே அதை நிரப்பிவிடும், கூடாரத்திற்கு இடமில்லை. மாறாக, 2019 ஆம் ஆண்டில் அறிமுகமான புதிய லாண்ட் ரோவர் டிபெண்டர் வண்டிக்கு ஓடும்போது 168 கிலோகிராம், நிற்கும்போது 300 கிலோகிராம் என இரு வரம்புகள் தரப்பட்டுள்ளன. பழைய டிபெண்டரின் வரம்போ வேறு. பெயர் ஒன்றாயினும் கூரை ஒன்றன்று. எனவே, வண்டியின் தோற்றத்தைக் கண்டு மயங்காமல், அதன் கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அவ்வரம்பில் சட்டத்தின் எடையும் பொதுவாக அடங்கும் என்பதை மறத்தலாகாது.

இனி, கவிழ்தல் பற்றிய கணக்கு. 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டியின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 70 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளதென்றும், இருபுறச் சக்கரங்களுக்கிடையிலான அகலம் 150 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். நிலத்திலிருந்து 200 சென்ரிமீற்றர் உயரத்தில் 100 கிலோகிராம் பாரத்தை ஏற்றினால், அம்மையம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றருக்கு உயரும். ஏற்றிய பாரம் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கே. எனினும் வண்டியைக் கவிழ்க்கத் தேவையான பக்க ஆர்முடுகல் நூற்றுக்கு எட்டு அளவில் குறைந்துவிடுகின்றது. சாயும் எல்லையும் 47 பாகையிலிருந்து ஏறத்தாழ 44½ பாகைக்கு இறங்குகின்றது. இது அசையாத வண்டிக்கான கணக்கு. வில்லுகளும் டயர்களும் நெகிழ்ந்து கொடுக்கும் உண்மை வண்டியோ இதற்கு முன்பே சாய்ந்துவிடும்.

வயல்வெளியின் வாய்க்காற்கட்டு வழியே வண்டி செலுத்துவோர்க்கு இதன் பொருள் விளங்கும். மழையில் ஊறிய கட்டின் ஓரம் ஒரு சக்கரத்தின் கீழ் சரிந்தால், வெறுங்கூரை வண்டி சாய்ந்து நிற்கும் இடத்தில், கூடாரம் ஏற்றிய வண்டி புரண்டுவிடக்கூடும். நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்து, ஓட்டுபவர் சடுதியாகத் திருப்பும்போதும் நிகழ்வது இதுவே. ஆகவே, கூரையில் கூடாரம் இருப்பின், நீர்க்கலன், எரிபொருட்கலன், சமையற்பொருள், மேலதிகச் சக்கரம் ஆகிய கனத்த பொருள்கள் யாவும் வண்டியினுள் தாழ்வாக வைக்கப்படல் வேண்டும். மேலே இடம் இருக்கின்றது என்பதற்காக மேலே ஏற்றுவது முறையன்று.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. பழைய ஜீப்புகளின் கூரையோரத்தில் மழைநீர் வடியும் பீலி ஒன்று ஓடும். சட்டத்தின் கால்கள் அப்பீலியைப் பற்றி நிற்கும். புதிய வண்டிகளிற் பீலி இல்லை. அவற்றிற்கெனத் தனிப் பொருத்துவாய்களோ நீள் தண்டுகளோ உண்டு. எவ்வகையாயினும், எடை கூரையின் மெல்லிய தகட்டில் இறங்காமல், அதன் ஓரத்து வலுவான விளிம்பில் இறங்க வேண்டும். தகட்டைத் துளைத்துத் திருகாணி இடுவது, நீர் கசியவும் துரு ஏறவும் வழி செய்யும். கெப் வண்டியின் பின்புறத்தை மூடும் பைபர் மூடி, மழையைத் தடுக்கவே செய்யப்பட்டது. அதன் மேல் ஆட்கள் படுக்கும் கூடாரத்தைப் பொருத்த வேண்டுமாயின், அதன் உள்ளே எடையைத் தாங்கும் சட்டம் அமைத்தல் இன்றியமையாதது.

கடற்கரை ஊர்களுக்கு உரிய மற்றோர் எதிரி உப்புக்காற்று. இரும்புத் திருகாணி உப்புக்காற்றில் விரைவில் துருவேறி வலுவிழக்கும். அதற்கு அஞ்சித் துருவேறா உருக்கைப் பயன்படுத்தினால், வேறொரு தொல்லை தோன்றும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, நடுவே உப்பீரம் சேருமானால், அவ்விடம் ஒரு சிறு மின்கலம் போலாகின்றது. அதில் அலுமினியம் சிறிது சிறிதாக அரிக்கப்படும். படகின் இயந்திரத்தில் ஒரு நாகத்துண்டைப் பொருத்தி, இயந்திரத்திற்குப் பதிலாக அத்துண்டை அரிக்கவிடும் மீனவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கூரைச் சட்டத்தில் இரு உலோகங்களுக்கும் இடையே நைலோன் வளையமோ இறப்பர் வளையமோ இடுவதும், கடற்கரையிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவுவதும் தக்க பரிகாரங்களாம். அதிர்வினால் தளராதிருக்க, உள்ளே நைலோன் பதித்த பூட்டுநட்டுகளை இடுதல் நன்று. பொருத்திய பின் முதல் 50 கிலோமீற்றர் ஓடியதும் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். பயண நாட்களில், சுபஹுத் தொழுகை முடித்துப் புறப்படும் வேளையில் ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

காற்றும் ஒரு சுமையே. வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 90 ஆக உயர்ந்தால், கூடாரத்தின் மீது மோதும் காற்றின் விசை இரண்டேகால் மடங்காகும். எரிபொருட் செலவு கூடும்; பக்கக்காற்றில் வண்டி அலையும். கிழக்குக் கரையில் வைகாசி முதல் ஆவணி வரை, மேற்கிலிருந்து கச்சான் காற்று வெப்பத்துடன் வீசும் நாட்களில், விரித்த கூடாரத்தின் வாயிலைக் காற்றுக்கு எதிர்ப்புறமாக அமைத்தல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களின் வாடை மழையில் நனைந்த கூடாரத்தை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீடு திரும்பிய உடனே விரித்து உலர்த்துதல் கடமை.

தங்குமிடத்தைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். வண்டி சமநிலத்தில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை அணைத்திருக்க வேண்டும். மூடிய கூடாரத்தினுள் நுளம்புத்திரியோ அடுப்போ கொளுத்துதல் கூடாது. தீயும் புகையும் உறங்குவோரைக் கொல்லும். வலையே தக்க காப்பு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் செய்ததை இக்கரை மறக்கவில்லை. கடலோரம் தங்குவோர், வண்டியின் முகத்தை நிலப்பக்கம் வைத்து, வெளியேறும் வழியை அடைக்காது நிறுத்துதல் வேண்டும்.

யானையைப் பற்றியும் ஒரு சொல். லாகுகலையும் குமணவும் யானை நடமாடும் காடுகள். கூரைக் கூடாரத்தின் தளம் நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் அமையும். வளர்ந்த களிற்றின் தோளே இரண்டரை மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கும். துதிக்கையோ இன்னும் மேலே எட்டும். எனவே, உயர்ந்த மரத்தில் கட்டிய பரணுக்கு இருந்த காப்பு இதற்கு இல்லை. பழமும் அரிசியும் உப்பும் கூடாரத்தில் வைத்திருப்பது யானையை விருந்துக்கு அழைப்பதை ஒக்கும். தேசிய வனங்களினுள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியுடன், குறித்த இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். கூடாரம் வண்டியின் மேல் இருப்பதால் இவ்விதி தளர்ந்துவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் நோக்குங்கால், கூரைக் கூடாரம் வேண்டாத பொருள் என்று கொள்ளுதல் தவறு. அளவறிந்து பொருத்தினால் அது நல்ல துணை. கைந்நூலின் வரம்பு, சட்டத்தின் எடை, கூடாரத்தின் எடை ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பின்னரே கராஜுக்குச் செல்லல் வேண்டும். கூட்டுத்தொகை வரம்பை மிஞ்சுமாயின், அந்த வண்டிக்குத் தரையில் விரிக்கும் கூடாரமே ஏற்றது. மாட்டின் முதுகு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொதி ஏற்றும் முன்னரே தவளக்காரர் அறிந்திருந்தனர். பாதி வழியில் அறிந்து பயனில்லை என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது.