நொண்டும் குதிரையும் ரசத்து உப்பும்

ரசத்தில் ஒரு கை உப்பு கூடிப்போனால் பந்தியில் அத்தனை முகமும் சுளிக்கும். ஒரு சிட்டிகை கூடினால்தான் வம்பு. எங்கள் வீட்டில் அம்மா "கரிக்குது" என்பாள், அத்தை "அளவாத்தான் இருக்கு" என்பாள். குதிரை நொண்டுகிறதா என்று கால்நடை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வதும் இப்படித்தான்.

குதிரையைக் கயிற்றில் பிடித்துக் கெட்டித் தரையில் 'டிராட்' என்கிற சீரோட்டம் ஓடவிடுவார்கள். ஒரு முன்னங்காலும் அதற்குக் குறுக்கே உள்ள பின்னங்காலும் ஜோடியாக ஊன்றும், அடுத்து மற்ற ஜோடி. இரண்டு பெண்கள் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற தாளம். ஒருத்திக்குத் தோள் வலித்தால் அவள் குத்து மெத்தென்று விழும். திண்ணையில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது பாரம் குறையட்டும் என்று தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். புதிதாய்ப் பார்ப்பவர்கள் இதை நேர்மாறாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். வலி பின்னங்காலில் என்றால் இடுப்பின் ஏற்ற இறக்கத்தைப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கெவின் கீகனும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 131 குதிரைகள். ஒவ்வொன்றையும் 2 முதல் 5 மருத்துவர்கள் பார்த்தார்கள்; சராசரி அனுபவம் 18 ஆண்டுக்கு மேல். நொண்டலுக்கு மதிப்பெண் 0 முதல் 5 வரை. சராசரி 1.5ஐத் தாண்டியபோது, ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் 93.1 சதவீதம் ஒத்துப்போனார்கள். அதற்குக் கீழே 61.9தான். இரண்டு பேர் காசு சுண்டிச் சொன்னாலே பாதித் தடவை ஒத்துப்போகுமே!

இன்னொரு சிக்கல், மரப்பு ஊசி. வலிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நரம்பை மரக்கச் செய்து மறுபடி ஓடவிடுவார்கள். கரித்த குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்ட கையோடு ருசி பார்த்தால் "இப்பச் சரியாயிடுச்சு" என்றுதானே நாக்கு சொல்லும்? ஊசி போட்டது தெரிந்தவர்களின் தீர்ப்பும் அப்படிச் சாய்கிறது என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது.

இப்போது தலையிலும் இடுப்பிலும் வலது முன்னங்காலிலும் சென்சார் கட்டி, ஏற்ற இறக்கத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். கண்ணுக்குத் தப்பும் கோணலும் அதில் விழும். ஆனால் அந்தக் கோணல் வலியால் வந்ததா, அந்தக் குதிரையின் நடையே அப்படியா என்று சென்சார் சொல்லாது. அதற்குத் திரும்பவும் மரப்பு ஊசிதான்.