ரப்பர் விசை மாதிரி வானூர்தி

ரப்பர் விசை மாதிரி வானூர்தி என்பது முறுக்கேற்றப்பட்ட ரப்பர் இழைகளின் ஆற்றலால் உந்துசுழலியைச் சுழற்றிப் பறக்கும் சிறிய வானூர்தி ஆகும். கையை விட்ட பின் இதனை எவரும் கட்டுப்படுத்த இயலாது. இதனால் இவ்வகைப் பறப்பு கட்டற்ற பறப்பு எனப்படுகிறது. வானோடி செய்யவேண்டிய திருத்தங்கள் அனைத்தையும் தரையிலேயே முன்கூட்டிச் செய்து வைப்பது சீரமைப்பு எனப்படும்.

வரலாறு

பிரான்சு நாட்டு அல்போன்சு பெனோ 1871 ஆகத்து 18 அன்று பாரிசின் துய்லரி தோட்டத்தில் தமது ரப்பர் விசை மாதிரியைப் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனிகளும், இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் பொருத்திய வாலும் அதற்கு நிலைப்புத் தந்தன. பெனோவின் வடிவமைப்பைத் தழுவிய ரப்பர் விசை உலங்கூர்தி பொம்மை ஒன்றை 1878இல் ரைட் சகோதரர்களின் தந்தை அவர்களுக்குப் பரிசளித்தார்.

1928இல் வேக்ஃபீல்டு கோப்பைக்கான பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. அம்மரபில் வந்த எப்1பி வகுப்பில் ரப்பரின் எடை 30 கிராமுக்கு மிகக்கூடாது. ரப்பர் நீங்கலான மாதிரியின் எடை 200 கிராமுக்குக் குறையக்கூடாது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவுப் பயிற்சியில் வானூர்தி மாதிரிக் கலை இடம்பெறுகிறது.

சறுக்குப் பறப்பின் சீரமைப்பு

முதலில் ரப்பரை முறுக்காமல், மாதிரியைத் தோள் உயரத்திலிருந்து காற்றை எதிர்நோக்கி மெல்ல விடவேண்டும். அதற்கு முன், ஈர்ப்பு மையம் வரைபடத்தில் குறித்த இடத்தில் உள்ளதா என இறக்கையின் அடியில் இரு விரல்களால் தாங்கிப் பார்க்கலாம்.

மாதிரி மூக்கை உயர்த்தி, வேகம் இழந்து, பின் விழுந்தால் மூக்கில் சிறிது களிமண் சேர்க்கவேண்டும். அல்லது கிடைவாலின் முன் விளிம்பின் கீழ் மெல்லிய அட்டைத் துண்டு வைக்கவேண்டும். செங்குத்தாகப் பாய்ந்தால் வாலின் பின் விளிம்பின் கீழ் அட்டை வைக்கவேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் விளைவு எதனால் வந்தது என அறிய இயலாது.

விசைப் பறப்பின் சீரமைப்பு

முறுக்கப்பட்ட ரப்பர் தொடக்கத்தில் மிகுந்த திருகுவிசையைத் தந்து, பின்னர் குறைந்துகொண்டே வருகிறது. மிகுந்த விசையில் மாதிரி மூக்கை மேலே தூக்கும். பின்னாலிருந்து நோக்கும்போது சுழலி வலஞ்சுழியாகச் சுழன்றால் உடல் இடப்புறம் சாயும்.

இக்குறைகளைத் திருத்த இறக்கையையோ வாலையோ தொட்டால் முன்பு சரிசெய்த சறுக்கு கெட்டுவிடும். ஆகவே சுழலியின் அச்சையே மாற்றவேண்டும். மூக்குக் கட்டையின் மேற்புறம் அட்டை செருகினால் அச்சு கீழ்நோக்கிச் சாய்ந்து, மூக்கு தூக்குவது குறையும். அச்சை வலப்புறம் திருப்பினால் இடச்சாய்வு குறையும். ரப்பர் ஓய்ந்ததும் இத்திருத்தங்களின் விளைவும் மறைவதால் சறுக்கு பாதிக்கப்படாது. சறுக்கின் குறையை இறக்கையிலும் வாலிலும், விசையின் குறையை மூக்கிலும் திருத்துவதே சீரமைப்பின் அடிப்படை விதியாகும்.

சோதனையைச் சில பத்து முறுக்குகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவேண்டும். முழு முறுக்குக்கு ரப்பரை நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து முறுக்கியபடி மெல்ல உள்ளே வரவேண்டும். ஆமணக்கெண்ணெய் பூசினால் இழைகளின் உராய்வு குறையும். கனிம எண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்கும்.

களமும் காற்றும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. வேர்க்கடலை, நெல் அறுவடை முடிந்த நிலங்களும் கோடையில் வற்றிய ஏரிப் படுகைகளும் இங்கு திறந்த வெளிகளாக அமைகின்றன. கடற்கரை அண்மையில் இருப்பதால் கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று உள்நாட்டுக்குள் வீசும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றில் 3 நிமிடம் பறக்கும் மாதிரி 900 மீட்டர் அடித்துச் செல்லப்படும். நொடிக்கு 1 மீட்டர் காற்றில் 180 மீட்டர் மட்டுமே செல்லும். ஆகவே காற்று அடங்கிய விடியற்காலையே சீரமைப்புக்கு உகந்தது.

வெயில் ஏறியதும் சூடான நிலத்திலிருந்து காற்று மேலெழும். அதில் சிக்கிய மாதிரி கண்ணுக்கு எட்டாத உயரம் சென்று தொலையலாம். குறித்த நேரத்தில் கிடைவாலின் பின் விளிம்பை மேலே தூக்கும் அமைப்பு மாதிரியைத் தட்டையாக இறங்கச் செய்யும். அதனை இயக்க எரியும் திரியும் பயன்படுவதுண்டு. காய்ந்த தாள் நிறைந்த வயல்களில் தீப்பற்றும் வாய்ப்பு உள்ளதால் சிறு கடிகாரக் கருவியே ஏற்றது.

மாதிரியைத் தொடர்பவர் வானத்தை நோக்கியபடி ஓடக்கூடாது. வயல்வெளியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கக்கூடும். ஒருவர் ஓரிடத்தில் நின்று மாதிரி இறங்கும் திசையைத் தொலைவிலுள்ள பனைமரம் போன்ற அடையாளத்தோடு குறித்துக்கொள்ள, மற்றவர் நடந்து சென்று தேடுவதே பாதுகாப்பான முறையாகும். மின்கம்பியில் சிக்கிய மாதிரியை எடுக்க முயலாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.