டபுள்ஸ் இருக்கிறது, போஜ்புரி எங்கே?

டிரினிடாடில் காலை ஆறு மணிக்கே சாலையோரம் கூட்டம் கூடிவிடும். ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் துணி போர்த்திய சூடான 'பாரா'. மைதாவில் மஞ்சள்தூள் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, எண்ணெயில் பொரித்தெடுத்த மெத்தென்ற சின்ன ரொட்டி அது. இரண்டு பாராவைச் சற்றே தள்ளித் தள்ளி வைத்து, மேலே கொண்டைக்கடலைக் கறியை அள்ளிப் போட்டு, புளிச்சட்னி, வெள்ளரித் துருவல், குச்சேலா என்கிற மாங்காய் ஊறுகாய், கடைசியில் மிளகாய்ச் சாறு. காரம் எவ்வளவு என்பதை மட்டும்தான் கடைக்காரர் கேட்பார். காகிதத்தில் வைத்துக் கொடுத்ததை நின்றபடியே முடித்துவிட்டு வங்கி அதிகாரி ஒரு பக்கமும் துறைமுகத் தொழிலாளி ஒரு பக்கமும் போய்விடுவார்கள். இதற்குப் பெயர் டபுள்ஸ். விடிய விடியக் கார்னிவல் ஆடிக் களைத்தவனுக்கும் இதுதான் காலை உணவு.

சுமார் 14 லட்சம் பேர் வாழும் அந்தக் கரீபியன் நாட்டில் இந்திய வம்சாவளியினர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ஏறக்குறைய அதே அளவு. டபுள்ஸ் வரிசையில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுபோன கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1845 மே 30 அன்று 'ஃபடல் ரசாக்' கப்பல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கரை தொட்டது. 1917இல் ஒப்பந்த முறை ஒழியும்வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் இன்றைய பீகார், கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர்கள். பேச்சு போஜ்புரி.

அவர்களின் சமையல் எப்படி மாறியது என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம் தெரியும். கடலைப்பருப்புக்குப் பதில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு, பருப்பு வைத்த ரொட்டியான தால்பூரிக்குள் புகுந்தது. கொத்தமல்லியின் இடத்தில் 'ஷேடோ பெனி' என்ற உள்ளூர்த் தழை வந்தது. வாசனை கொத்தமல்லியைவிட ஒரு பங்கு தூக்கல். நம் மிளகாயை ஓரங்கட்டிவிட்டு கரீபியனின் குண்டு மிளகாய் உட்கார்ந்துகொண்டது. கத்தரிக்காயைச் சுட்டு, தோலுரித்து, பூண்டோடு மசித்து, மேலே எண்ணெய் காய்ச்சி ஊற்றும் 'பைகன் சோக்கா' மட்டும் அதிகம் மாறவில்லை. பிறகு தால்பூரிக்குள் கோழிக்கறியை, ஆட்டுக்கறியை வைத்து மடித்துக் கையில் கொடுக்கும் பழக்கம் வந்தது. இன்று நியூயார்க்கின் புரூக்ளினிலும் டொரண்டோவிலும் 'ரொட்டி ஷாப்' என்றால் இந்த மடித்த ரொட்டிதான். இதே ரொட்டியைப் பள்ளிக்கூடத்தில் மறைத்து வைத்துத் தின்ற கூச்சத்தை அங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்வதுண்டு. பக்கத்துப் பிள்ளையின் கையில் சாண்ட்விச் இருந்த காலம் அது.

டபுள்ஸ் பிறந்த ஊர் தெற்கு டிரினிடாடில் உள்ள பிரின்சஸ் டவுன். 1930களில் தீன் என்ற குடும்பம் அங்கே தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாட்டும் இங்கிருந்துதான் வருகிறது.

பிரின்சஸ் டவுனை அடுத்த லெங்குவா என்ற சிற்றூரில் 1941இல் பிறந்தவர் கார்ஃபீல்ட் பிளாக்மேன். ஆப்பிரிக்க வம்சாவளி. அக்கம்பக்கம் எல்லாம் இந்தியக் குடும்பங்கள். டோலக் சத்தம் கேட்டு வளர்ந்த இந்தப் பையன் பிற்பாடு 'லார்ட் ஷார்ட்டி' என்ற பெயரில், டிரினிடாடின் கலிப்ஸோ இசைப் பாடகர் ஆனார். 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ரெகே இசை அலையில் கலிப்ஸோ தளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு உயிரூட்ட அவர் எடுத்தது டோலக், தபலா, தண்ட்தால். தண்ட்தால் என்பது நீண்ட இரும்புக் கம்பி. குதிரை லாட வடிவத்தில் வளைத்த இன்னொரு இரும்பால் தட்டுவார்கள். 1973இல் வந்த அவருடைய 'இந்திராணி' பாடலுக்குக் கலிப்ஸோ பெரியவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. எங்கள் இசையில் இந்தியச் சத்தம் எதற்கு என்றார்கள். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. கருவிகளை விட்டுவிட்டார், தாளத்தை விடவில்லை. டோலக்கின் அடியை டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் மாற்றிக் கொடுத்தார். 1974இல் 'எண்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்' வந்தபோது நாடே ஆடியது. அதுதான் சோகா என்ற புதிய இசை. இன்று லண்டனின் நாட்டிங் ஹில் திருவிழாவில் இடுப்பை ஆட்டும் எத்தனை பேருக்கு அந்தத் தாளத்துக்குள் ஒரு டோலக் ஒளிந்திருப்பது தெரியும்?

இன்னொரு பக்கம், கல்யாண வீடு. திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பெண்கள் மட்டும் கூடி, மண்ணெடுத்து வந்து, ஆண்கள் காதில் விழக்கூடாத பாட்டுகளைப் பாடி ஆடுவார்கள். 'மட்டிகோர்' என்று பெயர். நம் ஊர் நலங்குப் பாட்டின் கேலிக்கு நாலு மடங்கு காரம். 1969இல் பிரின்சஸ் டவுனில் ஒரு மட்டிகோர் இரவில், கல்யாண வீட்டில்தான் சுந்தர் போப்போ என்ற இளைஞரின் பாட்டு ஒரு வானொலித் தயாரிப்பாளர் காதில் விழுந்தது. 'நானா நானி' என்ற அந்தப் பாடல் ஒலிப்பதிவாகி வெளிவந்தது. தாத்தா பாட்டியைப் பற்றிய அந்தக் குறும்புப் பாட்டில் இந்தியும் ஆங்கிலமும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தன. இந்தக் கலவைக்குச் சட்னி இசை என்று பெயர்; அது பொது மேடைக்கு வந்தது அப்படி. பின்னாளில் போப்போ பாடிய ஒரு புகழ்பெற்ற பாட்டு, சட்னி இல்லாத புலோரியைப் பற்றியது. புலோரி என்பது பட்டாணிப் பருப்பு மாவில் செய்யும் குட்டிப் போண்டா. பம்பாயின் பாப்லா - காஞ்சன் ஜோடி அதைத் திரும்பப் பாடி இந்தியாவிலும் பரப்பினார்கள்.

1987இல் துருபதி ராம்கூனாய் என்ற இளம் பெண் 'சட்னி சோகா' என்று பாடியபோது இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. அவருக்கும் வசை கிடைத்தது, இந்த முறை இந்துச் சமூகப் பெரியவர்களிடமிருந்து. வீட்டுக்குள் ஆடியது வீதிக்கு வரலாமா, அதுவும் ஒரு பெண் கார்னிவல் மேடை ஏறலாமா என்று. கலிப்ஸோவைக் காத்தவர்களும் பண்பாட்டைக் காத்தவர்களும் ஒரே குரலில் பேசியதைக் கவனியுங்கள். வைதவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை.

இதுவரை சொன்னது மகிழ்ச்சியான கதை. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு.

இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்களில் பலருக்கு அவற்றின் பொருள் தெரியாது. டிரினிடாடில் போஜ்புரி பேசக்கூடியவர்கள் இன்று மிக வயதான சிலர் மட்டுமே. ஆலூ, பைகன், கீரா, தவா என்று சமையலறைச் சொற்கள் அன்றாட ஆங்கிலத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கேள்வி கேட்கவும், கோபிக்கவும், கொஞ்சவும் தேவையான வினைச்சொற்கள் போய்விட்டன. சுந்தர் போப்போ இரண்டு மொழியிலும் கிண்டல் செய்ய முடிந்தவர். அடுத்த தலைமுறை அவருடைய வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பித்தது. அதற்கும் அடுத்த தலைமுறையின் சட்னி ஆங்கிலத்திலேயே ஓடுகிறது, நடுவே கறிவேப்பிலை மாதிரி ஓரிரண்டு இந்திச் சொற்கள்.

எப்படிப் போனது? பள்ளியும் வேலையும் ஆங்கிலத்தைக் கேட்டன, தெருவின் பேச்சும் ஆங்கிலத்தை ஒட்டிய கிரியோல். இது பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சொல்ல யாரும் அதிகம் விரும்புவதில்லை. 1935இல் 'பாலா ஜோபன்' படத்தோடு இந்தி சினிமா அங்கே போய்ச் சேர்ந்தது. திரையில் கேட்ட இந்தி உயர்ந்தது, பாட்டி பேசும் போஜ்புரி பட்டிக்காட்டுப் பேச்சு என்ற எண்ணம் வேரூன்றியது. 1970இல் தொடங்கிய 'மஸ்தானா பஹார்' தொலைக்காட்சிப் போட்டி எத்தனையோ பாடகர்களை உருவாக்கியது உண்மை. அங்கே கொடி கட்டிப் பறந்தது சினிமாப் பாட்டு. தாய்நாட்டிலிருந்து வந்த பெருமைதான் தாய்மொழியைக் கூச்சப்பட வைத்தது.

மொழி போனால் என்ன, அதற்கு ஈடாகப் புதிய ஓர் இசையே பிறந்ததே என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அதுவும் ஒரு பார்வை.

ஆனால் கொஞ்சம் தள்ளி, தென்னமெரிக்கக் கரையில் உள்ள சுரிநாமைப் பாருங்கள். அங்கும் 1873இல் 'லல்லா ரூக்' கப்பலில் தொடங்கி, டிரினிடாடுக்கு ஆள் போன அதே கல்கத்தா துறைமுகத்திலிருந்து, அதே மாவட்டங்களின் மக்கள்தான் போனார்கள். கரும்பு, கங்காணி, கண்ணீர் எல்லாம் ஒன்றே. ஆண்டது மட்டும் டச்சுக்காரர்கள். அங்கே போஜ்புரியும் அவதியும் கலந்து உருவான 'சர்நாமி' இன்றும் வீட்டில் பேசப்படுகிறது. ஹார்மோனியம், டோலக், தண்ட்தால் வைத்துப் பாடும் 'பைட்டக் கானா'வைக் கேட்பவர்கள் வரிக்கு வரி சிரிக்கிறார்கள், ஏனென்றால் புரிகிறது. மொரீஷியஸிலோ போஜ்புரிக் கல்யாணப் பாட்டான 'கீத் கவாய்' 2016இல் யுனெஸ்கோ பட்டியல் ஏறியது. ஆகவே டிரினிடாடில் நடந்ததை விதி என்று சொல்லிவிட முடியாது.

நம் கதையும் இதற்குள் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் கப்பல்கள் போயின. கூட்டம் சிறியது, தமிழும் தெலுங்கும் விரைவில் கரைந்தன. எஞ்சியது காளி கோவில்களில் இன்றும் அடிக்கப்படும் 'டப்பு'. தீயில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள், நம் தப்புக்குச் செய்வதைப் போலவே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் விட்டுச் சென்ற 'கொலம்போ' மசாலாவை அந்தத் தீவுகளில் எல்லா இனத்தாரும் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் போடுகிறார்கள். மாரியம்மனுக்குக் கிடா வெட்டும் சடங்கும் இருக்கிறது. பூசாரி தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்த தமிழை உச்சரிக்கிறார். அம்மனுக்குப் புரிந்தால் உண்டு, அங்கே நிற்பவர்களுக்குப் புரிவதில்லை.

டொரண்டோவிலும் பாரீசிலும் சிட்னியிலும் இப்போது நம் முறை. கொத்து ரொட்டிக்கும் மசால் தோசைக்கும் அங்கே வரிசை நிற்கிறது, திரையிசைக்கு அரங்கம் நிரம்புகிறது. இவை தானாகவே பிழைத்துக்கொள்ளும், அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளிநாட்டில் பேரப்பிள்ளை இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டாயா கண்ணு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளை முணுமுணுக்கும் பாட்டுக்கு ஒரு வரியாவது பொருள் சொல்லுங்கள், என்ன புரிந்தது என்று கேளுங்கள். பதில் தமிழில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.